இரண்டாவது சரணம்

டேப் பின்னோக்கி ஓடும்போது ஒரு சத்தம் வரும். அணில்கள் கூட்டமாகச் சண்டை போடுவது போல, கீச்சுக்கீச்சென்று, அவசர அவசரமாக, ஒரு சொல்லும் பிடிபடாமல். அந்தச் சத்தம் தன்னுடைய குரல்தான் என்பதை நம்ப ஹெப்சிபாவுக்கு வெகு நாளானது. காலை ஒன்பதரைக்கு நின்று நிதானமாக, ஒரு வளைவும் பிசகாமல் பாடிய பாட்டு, பிற்பகல் சௌதாமினி வந்து ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டதும், எஞ்சினியர் வரதன் ஒரு பட்டனை அழுத்த, கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்கு அணில்களாக ஓடிப் பதுங்கிவிடும். அப்புறம் வரதன் சிவப்புப் பட்டனை அழுத்துவார். அதன் பிறகு அந்த இடத்தில் சௌதாமினிதான் இருப்பாள். டிராக் பாடுகிறவளின் வேலை அவ்வளவுதான்: பெரிய பாடகி வந்து உட்காரும்வரை நாற்காலியைச் சூடாக வைத்திருப்பது. ஹெப்சிபா பாடிய நாடாவின் மேலேயே சௌதாமினி பாடுவாள், ஹெப்சிபா அழிந்துகொண்டே வருவாள், சௌதாமினி எழுந்துகொண்டே வருவாள். பெட்டியின் மேல் ஒட்டுகிற காகிதத்தில் காலையிலேயே சௌதாமினியின் பெயரைத்தான் எழுதுவார்கள். பாடியது யார் என்று யாரும் எழுதியதில்லை, யாருக்காகப் பாடியது என்றுதான் எழுதுவார்கள். பதினோரு வருடம் அப்படி. எத்தனை பாட்டு என்று புருஷன் ஒருமுறை கேட்டபோது, எத்தனை இட்லி என்று கேட்கிற மாதிரி இருக்கிறதே என்று அவள் சிரித்தாள். நானூறு இருக்கலாம், ஐந்நூறு இருக்கலாம். ஒன்றுகூட இல்லை. ஒன்றுகூட இல்லை என்றுதான் போன வாரம்வரை நினைத்திருந்தாள்.

அந்த அணில் சத்தம் முப்பத்தெட்டு வருடம் கழித்து, கத்திரி வெயிலில், அயனாவரத்திலிருந்து சாலிகிராமத்துக்குப் போகிற வாடகைக் காரின் பின் இருக்கையில் ஏன் வந்து உட்கார வேண்டும்? மடியில் கைப்பை. கைப்பைக்குள் மூக்குக்கண்ணாடி, ஆதார் அட்டை, சர்க்கரை இறங்கிவிட்டால் வாயில் போட்டுக்கொள்ள இரண்டு மிட்டாய். கண்ணாடி எதற்கு என்றால் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட. நான் அறிந்து உறுதியாகச் சொல்வது என்னவென்றால், மேற்படி பாடல் பதிவின்போது நான் நேரில் இருந்தேன், இதில் ஒலிப்பது மறைந்த பின்னணிப் பாடகி சௌதாமினி அவர்களின் குரலே, கணினி கொண்டு செய்யப்பட்டதல்ல. சௌதாமினியின் மகள் நிரஞ்சனா போனில் வாசித்துக் காட்டியிருந்தாள். மூடிப் போன ஸ்டூடியோவின் கிடங்கில் ஒரு பெட்டி கிடைத்ததாம். மேலே சௌதாமினி, தாலாட்டு, 14.7.86 என்று எழுதியிருந்ததாம். பாதியில் நின்றுபோன படம், வெளிவராத பாட்டு. சௌதாமினி போய் மூன்று வருடமான நினைவுக்கு ஒரு பாட்டுக் கம்பெனி கொண்டுவருகிற தொகுப்பில் அதுதான் கடைசிப் பாட்டு. நாற்பது விநாடி முன்னோட்டமாகப் போனில் விட்டார்கள், அன்றைக்கே சண்டை ஆரம்பமாகிவிட்டது. அது சௌதாமினி இல்லை, மெஷின் என்று பாதிப்பேர். இசையமைத்த மாஸ்டர் இல்லை, வரதன் இல்லை, வயலின்காரர்களில் இருப்பவர்கள் எங்கே இருக்கிறார்களோ. அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களில் மூச்சோடு அகப்பட்டது ஹெப்சிபா ஒருத்திதான். அவள் சொன்னால் சரி. அவள் என்ன சொல்வாள்? அது ஹெப்சிபாவுக்கே தெரியவில்லை. நாற்பது விநாடியை எழுபது தடவை கேட்டாயிற்று. காலையில் கேட்டால் தன் குரல். சாயங்காலம் கேட்டால் சௌதாமினி. நேற்றுக் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே கேட்டபோது இரண்டும்.

“ஷூட்டிங்காம்மா?” என்றார் டிரைவர். கோதண்டம் என்று போனில் பெயர் வந்திருந்தது, ஐம்பது வயதிருக்கும், காலருக்குள் கைக்குட்டை. “சாலிகிராமம்னா கேக்கறேன். மாமியார் வேஷமா?” மாமியாராக்கூட என்னை யாரும் கூப்பிடலை, கையெழுத்துப் போடத்தான் போறேன் என்றாள். “பத்திரமா?” அந்த மாதிரிதான். வண்டி நியூ ஆவடி சாலையில் மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளத்தின் ஓரமாக ஊர்ந்தது. அதற்குள் நிரஞ்சனாவின் போன் வந்தது, ஆன்ட்டி கிளம்பிட்டீங்களா, தண்ணி எடுத்துக்கிட்டீங்களா. சௌதாமினி என்ற பெயர் காதில் விழுந்ததும் கோதண்டம் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். “அந்தத் தாலாட்டு விசயமாம்மா? அது டூப்பு. இப்பல்லாம் மெஷின்ல பண்றாங்க. என் மச்சான், போன வருசம் போய்ச் சேர்ந்த எங்க மாமனார் குரல்ல தினம் குட் மார்னிங் அனுப்பறான். எங்க வீட்ல போனைத் தூக்கிக் கட்டில்ல போட்டுட்டு அழுவறா, ஆனா தினம் கேக்கறா.” டூப்பு என்று எப்படித் தெரியும் என்று ஹெப்சிபா கேட்டாள். குரல் கொஞ்சம் கூர்மையாக வந்துவிட்டது. “மூச்சு கேக்குதுல்ல. சரணம் எடுக்கறதுக்கு முன்னால. சௌதாமினியம்மா மூச்சு விடவே மாட்டாங்க.” மூச்சு விடாம எப்படிங்க பாடறது? “அதான் அவங்க.” மெஷினுக்கு எதுக்கு மூச்சு? கோதண்டம் யோசித்தார். “நம்மளை நம்ப வைக்கத்தான்,” என்றார். “ரொம்பத் தெரிஞ்சவன் பண்ணியிருக்கான்.” ரொம்பத் தெரிஞ்சவள், என்று ஹெப்சிபா மனசுக்குள் திருத்தினாள். அப்படியானால் முடிவு செய்துவிட்டாயா? இல்லை. இன்னும் இல்லை.

மூச்சு. எல்லாம் அந்த மூச்சில்தான் வந்து மாட்டிக்கொள்கிறது, முள்வேலியில் புடவைத் தலைப்பு மாட்டிக்கொள்வது மாதிரி. சௌதாமினி மூச்சு விடாதவள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் அவள் எப்படி மூச்செடுப்பாள் என்று ஹெப்சிபாவுக்குத் தெரியும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனை நாள் பார்த்திருக்கிறாள். மைக்குக்கு முன்னால் நின்று, முகத்தை இடது தோளுக்குத் திருப்பி, ஊசியில் நூல் கோக்கிற நேரத்தில் உள்ளே இழுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள். மூக்குத்தி ஒரு தரம் மின்னும், அவ்வளவுதான். ஹெப்சிபாவும் அப்படித்தான் திரும்பிப் பழகியிருந்தாள், டிராக்கே ஆனாலும். அந்த ஜூலையில் மட்டும் முடியவில்லை. வயிற்றில் பியூலா, ஐந்து மாதம். நின்றால் இடுப்பு, உட்கார்ந்தால் விலா. கழுத்தைத் திருப்பினால் தலை சுற்றும். அதனால் நேராகவே நின்று மைக்கிலேயே மூச்சை இழுத்தாள். வரதன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஹெப்சி, மூச்சு விழுது, என்றார். அவள் மன்னிப்புக் கேட்பதற்குள் மாஸ்டர், டிராக்குதானே, விடு, என்றார். டிராக்குதானே, விடு. அவர் கெட்டவரில்லை. கர்ப்பிணியைத் திரும்பப் பாடவைக்க வேண்டாம் என்ற இரக்கமாகக்கூட இருக்கலாம். இருந்தாலும் அந்த இரண்டு சொல்லும் முப்பத்தெட்டு வருடமாகக் காதுக்குள்ளேயே குடியிருக்கிறது, வாடகையும் தராமல், காலியும் செய்யாமல். ஆக, மூச்சு அவளுடையது என்றால் பாட்டும் அவளுடையது. சரிதானே? சரியில்லை. ஏனென்றால் அன்றைக்குப் பிற்பகல் சௌதாமினி வந்தாள். வந்தாளா? வந்தாள். பின்பக்கத்து இரும்புப் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரே டப்பாவில் தயிர்ச்சோறு சாப்பிட்டார்கள். மாவடு முழுவதையும் இவளுக்கே தள்ளிவிட்டு, இந்தாடி, உனக்கில்லை, உள்ளே இருக்கிறதுக்கு, என்றாள் சௌதாமினி. அரக்கு நிறப் புடவை. அல்லது அது வேறொரு நாளா, வேறொரு பாட்டா? அரக்குப் புடவையும் மாவடுவும் நிச்சயம், தேதிதான் நிச்சயமில்லை. சாப்பிட்ட பிறகு உள்ளே போய்ப் பாடினாளா? பாடியிருந்தால் முழுசாகப் பாடினாளா? யாரோ கதவைத் தட்டி டெலிபோன் என்று சொன்ன நினைவு இருக்கிறது. எந்த டெலிபோன்?

நினைவை நம்பலாமா? அக்கா கிரேஸ் போன வருடம் முழுக்க, செத்துப்போன நாத்தனார் அடுப்படியில் மீன் கழுவுகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள், வாடை வருகிறது பார் என்று மூக்கைச் சுளித்தாள். பார்க்கிறவர்களுக்குத்தான் பைத்தியம், கிரேஸுக்கு மீன் வாடை. அந்த ரத்தம்தானே இவளுக்கும். எழுபத்தொரு வயதில் ஒரு கிழவி திடீரென்று, ஊரே கும்பிடுகிற பாட்டு என்னுடையது என்று நினைத்துக்கொள்கிறாள் என்றால், டாக்டரிடம் போக வேண்டுமா, கம்பெனிக்குப் போக வேண்டுமா? போகட்டும், ஆசை என்று ஒன்று இருக்கிறதே, அது காதுக்குள் புகுந்துகொண்டு தனக்கு வேண்டியதைத்தானே கேட்கும். முதலில் யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பதே இப்போது புரியவில்லை. சௌதாமினி மாதிரிப் பாடவேண்டும், அதற்குத்தான் சம்பளம். அதற்காக அவளுடைய எல்லாப் பாட்டையும் வீட்டில் போட்டுப் போட்டு, கோழி கிளறுகிற மாதிரிக் கிளறி, எங்கே அழுத்துகிறாள், எங்கே விட்டுக்கொடுக்கிறாள் என்று பொறுக்கி எடுத்தாள். ஆனால் வரியின் கடைசிச் சொல்லைத் தூக்கிப் பிடிக்காமல், படியில் கால் வைக்கிற மாதிரி ஒரு சுரம் இறக்கி வைக்கிற அந்தப் பழக்கம்? பத்திரிகைகளில் அதற்குச் சௌதாமினி இறக்கம் என்றே பெயர். அது நாசரேத்தில் கோயில் பாடகர் குழுவில், ஞானப்பாட்டின் முடிவில் ஆமென் சொல்வதற்கு முன்னால் சீயோன்மணி அத்தை எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்த இறக்கம். ஹெப்சிபா அதை ஒரு டிராக்கில் தெரியாமல் போட்டுவிட்டாள். கேட்ட சௌதாமினி, இது நல்லா இருக்கே என்று வைத்துக்கொண்டாள். கேட்டுத்தான் வைத்துக்கொண்டாள், திருடவில்லை. இருடீ, நான் எடுத்துக்கட்டுமா, என்று கேட்டாள். எடுத்துக்குங்கக்கா என்று இவள் சொன்னாள். பிறகு ஹெப்சிபா சௌதாமினியைப் பார்த்துப் பாடினாள், சௌதாமினி ஹெப்சிபாவைக் கேட்டுப் பாடினாள், பதினோரு வருடம், எதிரெதிரே இரண்டு கண்ணாடி வைத்தது போல. முதல் முகம் எது? கண்ணாடிக் கடைக்காரனைத்தான் கேட்க வேண்டும். இதெல்லாம் புரிந்துகொண்டிருந்தவர் புருஷன் ஒருத்தர்தான். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே ரேடியோவைத் திருப்புவார், சௌதாமினி பாடுவாள். நீ நல்லாப் பாடியிருக்கே, என்பார். அது நானில்லைங்க. தெரியும், என்பார், ஆனாலும் நல்லாப் பாடியிருக்கே.

அமிஞ்சிக்கரை தாண்டி வண்டி நின்றுவிட்டது. முன்னால் தண்ணீர் லாரி, பக்கத்தில் பேருந்து, பேருந்து ஜன்னலில் ஒரு பெண் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். என்ன கேட்கிறாளோ, யாரைக் கேட்கிறாளோ. தான் யாரைக் கேட்கிறோம் என்று அவளுக்குத்தான் தெரியுமா? தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று ஒரு குரல் சொன்னது. ஆகும், நிரஞ்சனாவுக்கு ஆகும். அதுதான் இந்த வெயிலைவிடச் சுடுகிறது. போன ஞாயிறு ஹெப்சிபா கோயில் முடிந்து திரும்பியதும் அந்தப் பெண் வீட்டுக்கே வந்துவிட்டாள். நாற்பத்தாறு வயது, தலையில் பாதி நரை, ஆனால் செருப்பைக் கழற்றுகிறபோது அம்மாவைப் போலவே சுவரில் கை வைக்கிறாள். காபியைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் பேசினாள். “ஆன்ட்டி, அம்மா பாட்டு எல்லாம் எல்லாருக்கும் சொந்தம். எனக்குன்னு ஒண்ணு இல்ல. ஆஸ்பத்திரில கடைசி ஒன்பது நாள் குழாய் வச்சிருந்தாங்க. மெஷின்தான் மூச்சு விட்டுது, அம்மா விடலை. நான் பக்கத்துல உக்காந்து அந்தச் சத்தத்தைத்தான் கேட்டேன். அதுக்கப்புறம் எந்தப் பாட்டு போட்டாலும் அந்த மெஷின்தான் காதுல வரும். இப்ப இதுல மூச்சு கேக்குது ஆன்ட்டி. ஆயிரம் பாட்டுல ஒண்ணுலகூட விடாதவங்க, இதுல விடறாங்க. பக்கத்துல படுத்திருக்கற மாதிரி இருக்கு. நான் பாட்டைக்கூடக் கேக்கறதில்ல, அந்த ஒரு விநாடியைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக்கறேன்.” அப்போது ஹெப்சிபா என்ன செய்தாள்? காபி ஆறுதும்மா, என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்? நீ கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்குவது உன் அம்மாவின் மூச்சு இல்லையம்மா, ஐந்து மாதக் கர்ப்பத்தில் கழுத்தைத் திருப்ப முடியாத ஒரு டிராக் பாடகியின் மூச்சு என்றா?

லாரி நகர்ந்தது. அரும்பாக்கம் வந்தது. சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஹெப்சிபா உதட்டை அசைக்காமல் சொல்லிப் பார்த்தாள். ஆமாம், சௌதாமினிதான். சொல்லிவிட்டு வெளியே வந்து ஒரு மோர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். யாருக்கு நஷ்டம்? உனக்கு. உனக்கு இருக்கிற ஒன்றே ஒன்று அது. ஒன்றும் இல்லாமல் பழகியவளுக்கு ஒன்று போனால் என்ன? அப்படியில்லை, ஒன்றும் இல்லாதபோது ஒன்றும் தெரியவில்லை, ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வயிறு காந்துகிறது. பியூலாவிடம் சொல்லலாம், கோயம்புத்தூரிலிருந்து வந்து கேட்பாள், இதில் நீயும் இருக்கிறாய் என்று சொல்லலாம், அவளுடைய பிள்ளைகள் சிரிப்பார்கள். இல்லை, அது நான் என்று சொல்லிப் பார்த்தாள். சொன்னதும் வாயெல்லாம் கசந்தது. செத்தவள் வாயிலிருந்து பாட்டைப் பிடுங்குகிற கிழவி. போனில் எழுதுவார்கள். இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்பார்கள். இத்தனை நாள் அயனாவரத்தில்தான் இருந்தேன், ஸ்கூல் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு. மூன்றாவது ஒன்று இருந்தது, நடுவில், வழுக்குகிற வழி: இது மெஷின் இல்லை என்று மட்டும் சொல்வது. அது சத்தியம். இது மனுஷிக் குரல் என்று கர்த்தர் முன்னிலையில் சொல்லலாம். எந்த மனுஷி என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான் வேடிக்கை. ஊரே சந்தேகப்படுகிறது, கம்ப்யூட்டரைச் சந்தேகப்படுகிறது, கம்பெனியைச் சந்தேகப்படுகிறது, ஒருத்தரும் ஹெப்சிபாவைச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படுகிற அளவுக்குக்கூட அவளை யாருக்கும் தெரியாது. “ஏசி போதுமாம்மா?” என்றார் கோதண்டம், “முகமெல்லாம் வேர்க்குது.” போதும், போதும். இறங்கும்போது அவர், கையெழுத்தைப் பாத்துப் போடுங்கம்மா, இப்பல்லாம் ஒண்ணைக் காட்டி ஒண்ணுல வாங்கிடறாங்க, என்றார்.

அறை சின்னது, குளிர்ந்தது, சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. நிரஞ்சனா ஓடிவந்து கைப்பையை வாங்கிக்கொண்டாள். கம்பெனிப் பெண் ஒருத்தி, கழுத்தில் அட்டை தொங்க, மேஜைமேல் காகிதத்தை எடுத்து வைத்து அதன்மேல் பேனாவையும் குறுக்காக வைத்தாள். முழுப் பாட்டையும் ஒருதரம் கேட்டுடுங்க மேடம், முறைக்காக, என்றாள். ஹெட்போன் கனமாக இருந்தது, முடிக்குள் அழுத்தியது. ஒரு விநாடி வெறும் நாடாவின் இரைச்சல், மணலைச் சலிப்பது போல. புல்லாங்குழல். பிறகு பல்லவி. ஹெப்சிபாவுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. துணிக்கடைக் கண்ணாடியில் எதிரே வருகிற யாரோ என்று நினைத்து ஒதுங்கப் போய், தானே என்று தெரிந்துகொள்வது போல இருந்தது. முப்பத்துமூன்று வயது ஹெப்சிபா. இந்தக் குரலா இவ்வளவு நன்றாக இருந்தது? சௌதாமினி மாதிரிதான், ஆனால் சௌதாமினி இல்லை, அடியில் ஒரு பயம் இருக்கிறது, வேலைக்கு வந்த இடத்தில் தரையைப் பார்த்து நிற்கிற பயம். முதல் சரணம். அதுவும் தானே. இறக்கத்தை இறக்கி வைத்த இடத்தில் ஹெப்சிபாவின் கட்டைவிரல் மேஜையைத் தொட்டது. வயலின்கள் வந்து போயின, நாற்பது விநாடியின் தொடக்கம் வந்தது, மூச்சு வந்தது. அவளுடைய மூச்சு. பியூலாவின் கால் உதைத்துக்கொண்டிருந்த விலாவுக்கடியிலிருந்து வருகிற மூச்சு. அதற்கு அடுத்த சொல்லில் அந்தப் பயம் இல்லை. கடல் தூங்கப் போச்சு கண்ணே, கரை மட்டும் விழிக்கலாமா. சௌதாமினி. தரையைப் பார்க்காதவள், கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவள். டெலிபோன். கதவைத் தட்டியது, டெலிபோன் என்றது, எல்லாம் இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. சௌதாமினி எப்போதும் இரண்டாவது சரணத்தைத்தான் முதலில் பாடுவாள். மேல் ஸ்தாயி, தொண்டை புதிதாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்பாள். வரதன், டிராக்கின் மூச்சு முடிந்து சொல் தொடங்குகிற இடத்தில் சிவப்புப் பட்டனை அழுத்தியிருக்கிறார். மூச்சுக்கு முன்னாலேயே அழுத்தியிருக்க வேண்டும், ஒரு விநாடி பிந்திவிட்டார். சரணம் முடிந்ததும் வீட்டிலிருந்து டெலிபோன், குழந்தைக்கு ஜுரம் என்று. மீதியை நாளைக்கு முடிச்சுடறேன் மாஸ்டர் என்று சௌதாமினி போனாள். அந்த வாரமே நாயகன் மாறி, கதை மாறி, படமே நின்றது. நாளை வரவில்லை. அதனால் எழுபது தடவை கேட்டும் பிடிபடவில்லை. ஹெப்சிபா இழுத்த மூச்சில் சௌதாமினி பாடுகிறாள்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். காது இரண்டும் சுட்டன. நிரஞ்சனா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். “மெஷின் இல்லை,” என்றாள் ஹெப்சிபா. கம்பெனிப் பெண் மூச்சு விட்டு, தேங்க்ஸ் மேடம், என்று பேனாவை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டாள். பேனா லேசாக, ஒன்றும் இல்லாதது போல இருந்தது. போட்டுவிடலாம், ஒரு கோடுதான், ஹெ என்று தொடங்கி வளைத்துவிட்டால் முடிந்தது. டிராக்குதானே, விடு. பேனா காகிதத்தைத் தொட்டு ஒரு புள்ளி வைத்தது, அங்கேயே நின்றது. “பல்லவியும் முதல் சரணமும் நான் பாடினதும்மா,” என்றாள், நிரஞ்சனாவைப் பார்க்காமல், புள்ளியைப் பார்த்துக்கொண்டு. “காலையில டிராக் பாடினேன். உங்க அம்மா மத்தியானம் வந்து ரெண்டாவது சரணத்தை மட்டும் முடிச்சாங்க. மீதியை நாளைக்குன்னு விட்டுட்டுப் போனாங்க. அந்த நாளை வரலை.” கம்பெனிப் பெண், மேடம், பெட்டியில சௌதாமினின்னுதான் எழுதியிருக்கு, என்றாள். அப்படித்தான் எழுதுவோம், என்றாள் ஹெப்சிபா. “ஏன் பாதியில போனாங்க?” என்றாள் நிரஞ்சனா. குரல் எட்டு வயதுக் குரலாக இருந்தது. “உனக்கு ஜுரம்னு போன் வந்தது.” நிரஞ்சனா ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். கம்ப்யூட்டரில் எதையோ தள்ளி, பின்னால் கொண்டுபோய், கண்ணை மூடிக் கேட்டாள். அவள் உதடு பிரிந்து மூடியதிலிருந்து எந்த இடம் என்று ஹெப்சிபாவுக்குத் தெரிந்தது. கண்ணைத் திறந்தாள். “ரெண்டாவது சரணம் அம்மா,” என்றாள். ஆமாம். “அதுக்கு முன்னால வர்ற மூச்சு, அது யாரு ஆன்ட்டி?” இந்தக் கேள்விக்கு ஹெப்சிபா காரில் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. அந்தப் பெண்ணின் கண்ணுக்கடியில் கறுப்பு வளையம் இருந்தது, ஒன்பது நாள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் வளையம். நாற்காலியைச் சூடாக வைத்திருப்பது, என்று எங்கோ ஒரு சொல் ஓடியது. பாட்டை விட்டுத்தர முடியவில்லை, அதை இப்போதுதான், இந்தப் புள்ளியில்தான் தெரிந்துகொண்டாள். ஆனால் மூச்சு? மூச்சை யார் சொந்தம் கொண்டாடுவது, விட்டால் போகிறதுதானே. “சரணம் எடுக்கறவங்கதானேம்மா மூச்சை எடுக்கணும்,” என்றாள். “உங்க அம்மாதான். அன்னிக்கு அவங்களுக்குச் சுளுக்கு. கழுத்தைத் திருப்ப முடியலை.” நிரஞ்சனா தலையாட்டினாள். இரண்டு தரம் ஆட்டினாள். பிறகு, “காபி சொல்லட்டுமா ஆன்ட்டி, உங்களுக்குச் சர்க்கரை இல்லாமதானே,” என்று வெளியே போனாள், கதவருகே சுவரில் கை வைத்துச் செருப்பைத் தேடிக்கொண்டு. கம்பெனிப் பெண் யாரோடோ போனில் பேசிவிட்டு வந்து, காகிதத்தை மாற்றி அடித்துக் கொண்டுவந்தாள். மேற்படி பாடலின் இரண்டாவது சரணத்தில் ஒலிப்பது மறைந்த பின்னணிப் பாடகி சௌதாமினி அவர்களின் குரலே. ஹெப்சிபா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்துக் கையெழுத்துப் போட்டாள். ஒரு பொய்யும் அந்தத் தாளில் இல்லை.

தொகுப்பு ஆவணி மாதம் வெளியானது. தாலாட்டில் இரண்டாவது சரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கம்பெனி நீக்கியிருந்தது. ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி, தொடக்கத்தில் மூச்சு, பாடியவர் சௌதாமினி. ஹெப்சிபா மறுவருடம் பிப்ரவரியில், அயனாவரத்து வீட்டில், நிமோனியா வந்து நான்காம் நாள் இறந்துபோனாள். பத்திரிகையில் பியூலா கொடுத்த விளம்பரத்தில் ஓய்வுபெற்ற பாட்டு ஆசிரியை என்று இருந்தது.